கடைசிப் பத்து நிமிடத்துக்காரன்

என் லாசர், என் பொன்னுத் தம்பி,

உனக்காகப் பூசை வைத்தாயிற்று, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. அழவேண்டிய மட்டும் அழுதும் ஆயிற்று. இது அழுவதற்கு எழுதுகிற கடிதம் இல்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை. யார் மேல் என்று கேட்காதே, உன் மேலும்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. புதுத் துறைமுகத்தில் கப்பல் இப்போது கரையோடு வந்து நிற்கிறது. தோணியில் மூட்டை ஏற்றிக்கொண்டு நடுக்கடலுக்குப் போகிற வேலை குறைந்துவிட்டது. உன் கம்பெனி அங்கேயும் ஓர் ஆபீஸ் திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் உங்கள் கால்பந்து டீம் கேடயம் வாங்கிய படம் கண்ணில் படும். பதினொரு பேர் கைகட்டி நிற்கிறார்கள். கேடயம் வாங்கித் தந்த கோலை மண்டையால் முட்டிப் போட்ட நீ அதில் இல்லை. மாற்று ஆட்டக்காரனுக்குப் படத்தில் இடம் கிடையாதாம்.

உனக்கு இதெல்லாம் என்றைக்கு உறைத்தது? ஆட்டம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாய். கடைசிப் பத்து நிமிடத்தில் நமக்குக் கார்னர் கிடைத்தாலும், எதிராளி ஃப்ரீ கிக் அடிக்க வந்தாலும், "ஏலே, லாசர எறக்குங்கல!" என்று கூட்டம் கத்தும். நீ சிலுவை போட்டுக்கொண்டு ஓடுவாய். மற்றவர்கள் தலையை ஒதுக்கிக்கொள்ளும் பந்துக்கு நீ தலையைக் கொடுப்பாய். வருஷக்கணக்காக அதுதான் உன் ஆட்டம். பகலில் கம்பெனிக்கு மூட்டை எண்ணுகிற வேலை, அதுவும் தற்காலிகம். நிரந்தரம் எப்போது என்று நீ கேட்டதற்கு டீம் மேனேஜர் பொன்ராஜ் அண்ணாச்சி சிரித்தார். "முழு ஆட்டம் ஆடுதவனுக்கே இன்னும் போடல. பத்து நிமிசம் ஆடுதவனுக்கு என்னல அவசரம்?" என்றார். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாயே, அதை நான் மறக்கவில்லை.

அந்தப் பந்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. தோல் பந்தை ராத்திரியே உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவாய். விடிந்ததும் அதை வேப்பமரத்தில் கயிற்றில் தொங்கவிட்டு முட்டுவாய். தண்ணீர் குடித்த பந்து எவ்வளவு கனம்! குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிற அம்மாவுக்கே அந்தச் சத்தம் கேட்கும். "ஏலே, மண்ட என்னத்துக்குல ஆவும்?" என்று நான் கத்தினேன். நீ என்ன சொன்னாய்? "அப்பா கல்லோடதான முத்துக்குளிக்க எறங்குனாவ? பாரம் பழகிட்டா, மேட்ச் பந்து பஞ்சு மாதிரி இருக்கும்க்கா."

கடலடியைத் தொட்டதும் அப்பா கல்லை விட்டுவிடுவார், லாசர். எந்த முத்துக்குளிக்கிறவனாவது கல்லைத் தலையில் போட்டுக்கொண்டானா? அந்தப் புத்தியை உனக்கு யார் கொடுத்தது? அண்ணாச்சி பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? "நல்ல வழக்கம்ல" என்று தட்டிக்கொடுத்தாரே!

கேடயம் வாங்கிய மேட்சில் மழை. நனைந்த பந்து உன் தலையில் பட்டு வலைக்குள் போனது, நீ தரையில் விழுந்தாய். எழுந்து ஆடினாய். மாலை கேப்டன் கழுத்தில் விழுந்தது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாய், வெயில் என்றார்கள். மழைநாளில் என்ன வெயில்? பிறகு சாமான் பெயரெல்லாம் மறந்தாய். தெருவை மறந்தாய். கடைசியில் ஒருநாள் கஞ்சி கொடுக்க வந்த என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை 'நீங்க' என்று சொல்லாதவன் அன்றைக்கு அவ்வளவு மரியாதையாகக் கேட்டாய்.

தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது என்றார் டாக்டர். வேலை நேரத்தில் சாகவில்லை, நஷ்டஈடு கிடையாது என்றது கம்பெனி.

இதையெல்லாம் விடு. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அண்ணாச்சி வந்தார். மாலை கொண்டுவந்தார் என்று நினைத்தேன். அவர் கண் நம் சின்னவன் ஆரோக்கியத்தின் மேல் இருந்தது. "டீச்சர், இவனுக்கும் அதே ஒசரம், அதே கழுத்து. டீம்ல சேந்தா நேரா நிரந்தரம். மொதலாளி வாக்குக் குடுத்துட்டாவ" என்றார். உனக்குத் தராததை உன்னைப் புதைத்துவிட்டு அவனுக்குத் தருகிறார்கள்! நான் முடியாது என்றேன். அம்மா அழுதாள். "ஏளா, தேடி வந்த வேலயத் தள்ளாத. நீ ஒருத்தி எத்தன நாளு சம்பாதிச்சுப் போடுவ?"

ஆரோக்கியம் எனக்குத் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒருநாள் காலை அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். மரத்தில் கயிறு, ஈரப் பந்து, அவன் நெற்றி சிவந்து நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். கடைசி நேரத்தில் கார்னர் கிடைத்தது. "லாசர் தம்பிய எறக்குங்கல!" என்று அதே கூட்டம் கத்தியது. அவன் கோட்டைத் தாண்டுமுன் நான் தாண்டிவிட்டேன். சேலையைச் செருகிக்கொண்டு கோலுக்கு முன்னால் போய் நின்றேன். ரெஃப்ரி விசில் ஊதினார், ஊதட்டும் என்று நின்றேன். அண்ணாச்சி ஓடி வந்தார்.

"டீச்சர், என்ன கூத்து இது? பொம்பள வந்து நிக்கிற எடமா?"

"உம்ம மவன் நல்ல ஒசரம்தான அண்ணாச்சி? காலேஜுலேருந்து கூட்டிட்டு வாரும். அவன் முட்டட்டும், நான் போயிருதேன்."

அவர் ரெஃப்ரி பக்கம் திரும்பிக்கொண்டார். ஆரோக்கியத்தின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் உதறினான். "என் வேல போச்சு, உனக்கு இப்பம் சந்தோசமா?" என்று அழுதான்.

வேலை போனது உண்மைதான். அம்மா என் முன்னால் தட்டை டொக்கென்று வைக்கிறாள். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை, பயம்தான் இருக்கிறது. ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன், லாசர். புதுத் துறைமுகத்தில் ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் போய் நிற்பேன், மூட்டை எண்ணுகிற வேலையாவது அவனுக்கு வாங்கித் தருவேன். அதுவரை என் பள்ளிக்கூடச் சம்பளத்தில் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடட்டும். இன்னொரு பந்து அவன் தலையில் பட விடமாட்டேன்.

நேற்றுகூட, "நீ எனக்கு அக்காவே இல்ல" என்று தெருவே கேட்கக் கத்தினான். கத்தட்டும். நான் யார் என்று தெரிந்துதானே கத்துகிறான்.

உன்னோடு சண்டை இன்னும் தீராத
உன் அக்கா செலின்