ஆறு நாற்பது போணி

1983 செப்டம்பர் 1, வியாழன்

காலையிலிருந்து தூறல். இந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் இன்று ஒரு திருப்புமுனை. காலைச் சாப்பாட்டின்போது கூடிய முழுக் கூட்டத்தில் (வருகை: நான், என் மனைவி கமலா), இம்மாத மளிகையைச் செங்கோடண்ணன் கடையில் வாங்குவதில்லை என்றும், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புதிதாகத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவது என்றும் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் கமலா. வழிமொழிந்தவரும் அவளே. நான் எதிர்க்கவில்லை, வாயில் இட்லி.

காரணம், ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் அவள் தங்கையின் கடிதம். 'அக்கா, அங்கே எல்லாவற்றையும் நாமே தொட்டுப் பார்த்து எடுக்கலாம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.' கமலா ராசிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினைந்து வருஷம். பதினைந்து வருஷமும் செங்கோடண்ணன் கடைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, "பருப்பு புதுசுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவரும் பதினைந்து வருஷமாக "புதுசுங்க" என்றே சொல்லியிருக்கிறார். பருப்பு மூட்டையை அவள் கண்ணால் கண்டதில்லை.

தீர்மானத்தில் இடம்பெறாத ஒரு சிக்கல் உண்டு: போணி.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை. நான் பாடம் நடத்தும் ஒன்பதாம் வகுப்பில் ஆக்சிஜன் சோதனை, தீப்பெட்டி தேவைப்பட்டது. 6.40க்குச் செங்கோடண்ணன் கடையில் வாங்கினேன். அன்றைய முதல் வியாபாரம் அதுதான். மத்தியானத்துக்குள், யாரும் தொடாமல் கிடந்த புண்ணாக்கு மூட்டைகூட விற்றுவிட்டதாம். அன்றிலிருந்து என் கை ராசிக் கை. தினமும் 6.40க்கு முதல் ஆளாகப் போய் எதையாவது வாங்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இல்லை. எனவே தீப்பெட்டி. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக அலமாரியில் இன்றைய கையிருப்பு 173.

விஞ்ஞானம் கற்பிப்பவன் இதற்கு எப்படி உடன்பட்டான் என்று ஒருநாள் விசாரணை வைக்க வேண்டும்.

செப். 2, வெள்ளி

மழை இல்லை. 6.40, தீப்பெட்டி. தீர்மானத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

"முந்தாநேத்து நீங்க வாரதுக்குள்ள தறிக்கார மாணிக்கம் வந்து பீடின்னு நின்னுட்டாருங்க சார். அன்னைக்குப் பூராவும் ஈ ஓட்டுனேனுங்க. மாணிக்கம் நல்ல மனுசந்தான். கைதான் அப்பிடி."

"முந்தாநாள் பூராவும் மழைங்களே?"

"மழைக்கும் மாணிக்கத்துக்கும் என்னங்க சார் சம்பந்தம்?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் அவர் மாப்பிள்ளை, இந்தக் கடையைத் தன் வண்டிக்கு புக்கிங் ஆபீஸாகக் கேட்கிறாராம்.

"தீவாளி வரைக்கும் பாக்கறேன்னு சொல்லியிருக்கேனுங்க. யாவாரம் படுத்துச்சுன்னா சாவியக் குடுத்துட்டு மக ஊட்டுல போயிப் பேப்பர் படிக்க வேண்டீதுதான். எனக்குப் பேப்பர்ல பொட்டலம் கட்டத்தானுங்க தெரியும்."

சிரித்தார். நானும். தீர்மானத்தை மட்டும் சொல்லவில்லை.

செப். 4, ஞாயிறு

வெயில். சேலம். பஸ்ஸில் இடம் கிடைத்தது (ஒருவருக்கு).

சூப்பர் மார்க்கெட் எங்கள் பள்ளிக் கட்டடத்தைவிடப் பெரிது, வெளிச்சமும் அதிகம். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு தகர வில்லை தருகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வாசலில் நாற்பது ஜோடி வரிசையாக. காவல்காரர் தொண்டை கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருந்தார்: "செருப்போட போலாமுங்க! இது கோயில் இல்லீங்க!"

ஒரு பெரியவர் கழற்றிக்கொண்டே, "இருக்கட்டுமப்பா. உள்ள அரிசி இருக்குதல்ல" என்றார். அதன்பின் நாங்களும் கழற்றினோம்.

உள்ளே பார்த்தவை:

ட்யூப்லைட், 36 வரை எண்ணினேன். கமலா (இனி க.) இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சோப்புக்கு மட்டும் ஒரு சுவர். இத்தனை வகை அழுக்கு இந்த ஜில்லாவில் இல்லை.

சக்கரம் வைத்த கூடை வண்டி. ஒன்றில் சாமானுக்கு இடமில்லாத அளவுக்குக் குழந்தைகள்.

மூலையில் உருண்டைக் கண்ணாடி. திருடர்களைப் பார்க்க வைத்ததாம். ஆளாளுக்கு அதன் கீழ் நின்று தலை சீவிக்கொள்கிறார்கள்.

கறுப்புத் தண்ணீர் அடைத்த பாட்டில். க. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "புளிக்கரைசலா சாமி?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டாள். "சோயா சாஸுங்க. நூடுல்ஸுக்கு ஊத்தறது." நூடுல்ஸ் எதுவென்று அந்தப் பெண் காட்டினாள். க. திரும்பி என்னிடம், "இடியாப்பத்தக் காயப்போட்டு அடைச்சு வெச்சிருக்காங்க" என்றாள். பாட்டிலைத் திருப்பி வைத்தாள். நான்கு தட்டு தாண்டிப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

ஓர் அம்மாள் மளிகைச் சீட்டை நீட்டியபடி அரிசித் தட்டின் முன் வெகுநேரம் நின்றிருந்தார். பரமத்தி வேலூரிலிருந்து வருகிறாராம். என்னைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் சீட்ட வாங்குங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நான் கடைக்காரன் இல்லை என்றேன். நம்பவில்லை. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லோணும்" என்றார். பிறகு அவருக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். துவரம் பருப்பு, கடுகு, சீரகம், சுண்டைக்காய் வற்றல் (இல்லை).

பில் போடும் இடத்தில் அதே அம்மாள். பில் போடும் பெண் உப்புப் பொட்டலத்தைக் கையில் நீட்டினாள். "கீழ வைய்யி சாமி! உப்பக் கையில குடுத்தா நாளைக்கு நீயும் நானும் சண்டை போட்டுக்கோணும். உன்ற பேருகூட எனக்குத் தெரியாது." கீழே வைத்தாள். எடுத்துக்கொண்டார்.

க. பருப்புத் தட்டின் முன் இருபத்தைந்து நிமிஷம். பாலிதீன் பையை அமுக்கினாள், குலுக்கினாள், முகர்ந்தாள் (பாலிதீன் வாசனை). பருப்பின் முன் அவளுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

சோப்புச் சுவருக்குப் பின்னால் சலவைச் சட்டை, காலிக் கூடை, வெறுங்கால். செங்கோடண்ணன்.

மூவரும் சற்றுநேரம் சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடைங்கண்ணா?" என்றாள் க.

"சாத்தீட்டு வந்தேனுங்கம்மா. மக கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்."

எங்கள் தீர்மானம் பால்காரர் மூலமாக வியாழக்கிழமையே ஊருக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை எனக்குத் தீப்பெட்டி கொடுத்தபோதே அவருக்குத் தெரியும்.

அவரைக் குடைந்தது விலை இல்லை, விளக்கு இல்லை. "பில்லுப் போடற புள்ளைகிட்ட, இன்னைக்கு மொத போணி யாரு சாமின்னு கேட்டேனுங்க. தெரியாதுங்குது. சுச்சப் போட்டா மெஷின் ஓடும்ங்குது. யாரு கைன்னே தெரியாம இத்தாம்பெரிய கடையத் தொறக்கறாங்களே சார், தைரியந்தான்."

திரும்பும் பஸ்ஸில் எங்கள் பையை அவர்தான் மடியில் வைத்திருந்தார். பருப்புப் பையை விரலால் அழுத்திப் பார்த்தார். "போன வருசத்துதுங்கம்மா. வேகாது."

"உங்க பருப்பையும் நீங்க புதுசுன்னுதானுங்கண்ணா சொல்லுவீங்க."

அவர் பருப்பை மற்ற சாமான்களுக்கு அடியில் தள்ளி வைத்தார்.

செப். 5, திங்கள்

குக்கரில் ஏழு விசில். பருப்பு உருக்குலையவில்லை. க. அடுப்பைக் குறை சொன்னாள்.

6.40க்குக் கடைக்குப் போயிருந்தேன். தீப்பெட்டி என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாமுங்க சார். மளிகை அங்க, போணி இங்கன்னா கை ரெண்டாப் பிரிஞ்சுருமுங்க. அதுக்கு மாணிக்கமே பரவால்ல."

எட்டு வருஷத்து மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை. 'நிம்மதி' என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன், சரியான சொல் இல்லை.

பள்ளியில் ஆசிரியர் தின விழா. எனக்கு ஒரு பேனா.

செப். 8, வியாழன்

தூறல். மூன்று நாளாக 6.40க்கு அந்தப் பக்கம் நடக்க நேர்கிறது. எதிர்ச்சாரியில் நின்று கவனித்தவை, விஞ்ஞான நோக்கில்:

செவ்வாய். போணி மாணிக்கம், பீடி. ஏழே கால் வரை வேறு யாருமில்லை.
புதன். யாருமே இல்லை. ஏழு மணிக்கு ஒரு நாய்.
இன்று. மோட்டார் சைக்கிளில் மாப்பிள்ளை, கையில் அளவு டேப்.

"மாமா, போர்டு இங்கிருந்து அங்க வரைக்கும் வரும். இந்தப் பலகையெல்லாம் எடுத்தறோணும்."

"தீவாளிக்கு இன்னும் நாளிருக்குதுங்க மாப்ள."

"அளக்கறதுக்கு எதுக்குங்க மாமா தீவாளி?"

டேப்பின் மறுமுனையைச் செங்கோடண்ணனே பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் சொன்னேன். க. அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அளந்தாருங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

செப். 10, சனி

எழுந்தபோது க. வீட்டில் இல்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஏழே காலுக்கு வந்தாள். முழங்கை வரை பருப்புத் தூசி. பையில் துவரம் பருப்பு. மறு கையில் தீப்பெட்டி.

அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

"நான் போணி பண்றேனுங்கண்ணா, பலகையத் தூக்குங்க, உள்ள வந்து நானே எடுத்துக்கறேன்னேன். பொம்பளைங்க உள்ள வந்ததில்லீங்களேன்னாரு. அதனாலதானுங்க ரிக் வண்டி உள்ள வருதுன்னேன்."

பலகையைத் தூக்கினாராம். உள்ளே மூன்று பருப்பு மூட்டை. க. மூன்றிலும் கை விட்டுப் பார்த்திருக்கிறாள். முன்னால் இருந்த இரண்டும் பழசு. பின்சுவர் ஓரம் இருந்தது புதுசு.

"இது யாருக்குங்கண்ணா?"

"மாப்ள வந்தா ஆக்கிப் போடறதுக்குங்க."

"அவரு அளந்துட்டுப் போயாச்சு. இத முன்னால இழுங்க."

இழுத்தார்களாம், இருவரும் சேர்ந்து.

மூன்று விசில். வெந்துவிட்டது.

செப். 13, செவ்வாய்

வெயில். 6.40 போணிக்கு க. போனாள். பள்ளிக்குப் போகும்போது நான் கண்டது: பலகை தூக்கியபடியே இருந்தது. உள்ளே இரண்டு பெண்கள், மிளகாயை ஒடித்து முகர்ந்துகொண்டு. ஒருத்தி இன்னொருத்தியிடம், "இதென்னக்கா, பதினஞ்சு வருசமா நமக்குக் காம்பத்தான் குடுத்தாரா?" செங்கோடண்ணன் காதில் விழாதவர்போல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பு, நான்கு ஜோடி. மீதி இரண்டு ஜோடிக்கு உரியவர்கள் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

செப். 14, புதன்

செங்கோடண்ணன் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. அம்மா கை உங்க கையை விடக் கொஞ்சம் பெருசுங்க."

நான் விளக்கினேன்: தறிக்காரர்களுக்குக் கூலி வாரம், மழை விட்டிருக்கிறது, பெண்கள் உள்ளே வந்து பொறுக்கி எடுப்பதால் கூடுதலாக வாங்குகிறார்கள், இதில் கைக்கு வேலையே இல்லை.

"இருக்குமுங்க. ஆனா கூலியும் வெயிலும் உங்க காலத்துலயும் வந்துச்சல்லங்க?"

விஞ்ஞான முறைப்படி இது நியாயமான கேள்வி. வேண்டுமானால் நாளைக் காலை க.வுடன் துணைக்கு வருகிறேன் என்றேன்.

"ஐயோ வேண்டாமுங்க சார். நீங்க பத்து மணிக்கு மேல எப்ப வேணாலும் வாங்க. ஒண்ணுந் தப்பில்லீங்க."

பத்து மணிக்கு எனக்கு எட்டாம் வகுப்பு.

செப். 16, வெள்ளி

மாலை மழை. சோயா சாஸ் பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் க. அதை ரசத்தில் ஊற்றிவிட்டாள். ரசம் கறுப்பு. நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாம் முறை கேட்டபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவளே சாப்பிட்டுப் பார்த்தாள். பாட்டில் இப்போது தீப்பெட்டிகளுக்குப் பக்கத்தில்.

தங்கைக்குக் கடிதம் எழுதினாள். 'இங்கேயும் தொட்டுப் பார்க்கலாம்' என்று ஒரு வரி. மற்றதெல்லாம் தங்கை குழந்தைகளின் இருமல் பற்றி.

செப். 18, ஞாயிறு

வானம் வெளுப்பு. மாப்பிள்ளை ரிக் ஆபீஸுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அறை பிடித்துவிட்டாராம். 6.40க்குக் க. கிளம்பினாள். காப்பி நானே போட்டுக்கொண்டேன்.