கடலைப் பற்றிய அந்த ஒரு வரி

வென்ட்வேர்த்வில்,
சிட்னி.
8.8.1976

அன்பு மகள் யோகாவுக்கு,

நல்லூரில் கொடியேறியிருக்கும் இந்த நாட்களில் நீயும் மருமகனும் சின்னவளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்காருகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டர் போட்டிருக்கிறது, அதனால்தான் இந்த முறை அவருடைய முத்து முத்தான எழுத்துக்குப் பதிலாக என் கோழிக் கிறுக்கல் வருகிறது. பதறாதே பிள்ளை, ஆள் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நித்திரை கொள்கிறார், தேநீரில் சீனி காணாது என்று சண்டையும் பிடிக்கிறார். நேற்று உன் தம்பி சிறி அடித்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். கடல் வரியை அச்சிட விடாதே, கடிதம் வருகிறது என்று மட்டும் இருந்தால் நீ குழம்பித்தான் போயிருப்பாய், மருமகன் மாமிக்கு ஏதோ பிசகிவிட்டது என்றுகூட நினைத்திருப்பார். தந்தியில் இவ்வளவுதான் சொல்ல முடியும். நல்லூர்த் தேர் முடியக் கலைக்களஞ்சியத்தின் அந்தப் பாகம் அச்சேறும் என்று நீ எழுதியிருந்தபடியால் எனக்கு அந்த அவசரம் வந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நீ வேலை செய்கிற கலைக்களஞ்சியத்தின் பழைய பதிப்பில் சிட்னிக்குத் தெற்கே இருக்கும் இந்தக் கடலோரக் காட்டுப் பூங்காவைப் பற்றி எட்டே வரிதான் இருக்கிறது, யாரோ இங்கிலீசுப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது, கிட்டடியில் இருக்கிற அப்பா நேரிலே பார்த்துத் திருத்தித் தந்தால் நல்லது என்று தை மாதம் நீ கேட்டாய். கேட்டதுதான் தாமதம், மனுஷனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. தபாற் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று சிறியோடு வந்து இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து கதிரையை ஜன்னலோரம் போட்டு றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், சனிக்கிழமை விடிந்தால் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக ரெயிலுக்குப் போகத் தொடங்கினார். நான் பாணும் காய்ந்த தேங்காய்ப்பூவில் அரைத்த சம்பலும் கட்டிக் கொடுப்பேன். பழைய கட்டுரையில் இந்தக் காட்டில் யானையும் புலியும் இல்லை என்று ஒரு வரி இருந்ததாம். இல்லாததை எல்லாம் எழுத வெளிக்கிட்டால் புத்தகம் காணுமோ, எங்கடை வீட்டிலையும்தான் யானை இல்லை என்று சொல்லி அதை முதலில் வெட்டினார். பிறகு மற்றப் பறவைகளின் குரலை எல்லாம் எடுக்கிற ஒரு பறவையை எழுதினார், ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான தண்டின் நுனியில் சிவப்பாய்ப் பூக்கும் பூவை எழுதினார், நெருப்பில் கருகிய மரம் அடியிலிருந்து மேல்வரை தளிர் விடுவதை எழுதினார். காட்டின் மணத்தை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டார், தடிமனுக்குப் பூசுகிற யூகலிப்டஸ் தைலப் போத்தலைத் திறந்தால் வருகிற மணம் என்று எழுதுங்கோ, எல்லாருக்கும் விளங்கும் என்றேன், அப்படியே எழுதினார். எனக்கு அது பெருமைதான், ஏன் மறைப்பான்.

உங்கள் ஆசிரியர் விக்னராஜா மாஸ்டர் கட்டுரைக்குக் கீழே அப்பாவின் பெயர் வரும் என்று எழுதியிருந்தாரல்லவா, அதைச் சிறியின் சிநேகிதன் கேதீஸ்வரனிடமும் சொன்னார், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிடமும் மதிலுக்கு மேலால் சொன்னார். இவ்வளவு காலமும் மற்றவர்களின் பெயருக்கு முத்திரை குத்தினேன், இனி என்ரை பேருக்கு ஒரு புத்தகம் என்று சொல்லிச் சிரித்தார். சிறி அதற்கு வழக்கம்போல இங்கிலீசில் ஏதோ பதில் சொன்னான், அவன் தமிழில் வாய் திறப்பது பசித்தால்தான். கட்டுரையில் கடலைப் பற்றி ஒரே ஒரு வரி. பூங்காவை ஒட்டிய கடல் அமைதியானது, ஆழம் குறைந்தது, குடும்பத்துடன் நீராட உகந்தது. அந்த வரியை அவர் எழுதியது மாசி மாதம், நாங்கள் மூவரும் உள்ளே ஒதுங்கிய ஒரு குடாவுக்குப் போய் முழங்காலளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்த அன்றைக்கு. ஒரு குடாவைப் பார்த்துவிட்டு முழுக் கடலுக்கும் எழுதிவிட்டார். காரைநகர்க் கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே தண்ணீர் வராது, எங்கள் ஆட்களுக்குக் கடல் என்றால் அதுதானே. நானும் வாசித்தேன், எனக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. இங்கே ஐயரும் இல்லை கோயிலும் இல்லை, ஆனாலும் தகப்பனுக்குத் தண்ணீர் இறைக்காமல் விடமாட்டேன், கடலில்தான் செய்ய வேண்டும், நான் எழுதின கடலிலேயே செய்யப் போறன் என்று நின்றார். திங்கட்கிழமையாகிவிட்டது, சிறிக்கு வேலை. நாங்கள் இருவரும்தான் ரெயிலிலும் பிறகு படகிலும் போய்க் காட்டு வழியால் நடந்தோம். இங்கே ஆடி என்றால் நடுக் குளிர்காலம் பிள்ளை, காதுக்குள் காற்று ஊசி போலக் குத்துகிறது. கடற்கரையில் ஒரு சனமில்லை, அங்காலே ஒரு மோல்டா நாட்டுக் கிழவர் மட்டும் பாறையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா காற்சட்டையைக் கழற்றி வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, எள்ளும் செம்புமாகத் தட்டையான ஒரு பாறையில் போய் இருந்தார். பிதிர்களுக்குத் தெற்குப் பார்த்துத்தானே இருக்க வேண்டும். அந்த இடத்தில் தெற்குப் பார்த்து இருந்தால் கடல் முதுகுப் பக்கம். கீரிமலையிலும் அப்படித்தானே, அங்கே தெற்குப் பார்த்து இருக்கிறவனைக் கடல் ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் தோன்றவில்லை. கிழவர் கையை ஆட்டிக் கத்தினார். வேட்டியைக் கண்டு பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாறை அதுவரை காய்ந்துதான் கிடந்தது. திடீரென்று ஒரு அலை, சத்தம்கூடப் பிறகுதான் கேட்டது, வந்து அவரைத் தலைக்கு மேலால் மூடிற்று. அலை வடிந்து வெளித்தபோது பாறையில் செம்பும் இல்லை, அவரும் இல்லை. ஐயோ என்று கத்தினேனா கத்தவில்லையா என்று எனக்கு இப்போதும் தெரியாது. கிழவர் ஓடிவந்து படுத்துக் கையை விட்டுப் பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தவரின் சால்வையைப் பிடித்தார், அடுத்த அலை வருவதற்குள் நானும் போய்ப் பிடித்தேன், இருவருமாக இழுத்துப் போட்டோம். பூங்காக் காவலாளி தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியில், இந்தப் பாறைகளில் ஒவ்வொரு வருஷமும் ஆட்கள் அலையோடு போகிறார்கள், கடலுக்கு மட்டும் முதுகு காட்டாதீர்கள் என்று எனக்கு விளங்க வேண்டுமென்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தும் அப்பாவுக்குக் கையைப் பற்றிக் கவலையில்லை, தர்ப்பணம் அரைகுறையாய்ப் போச்சே என்றுதான் கவலை. எள்ளு, செம்பு எல்லாத்தையும் ஒரேயடியாய்க் கடல் வாங்கிட்டுது, மாமாவுக்கு இனி வயிறு நிறைஞ்சிருக்கும், பேசாமல் சாப்பிடுங்கோ என்று சொல்லிக் கீரைக்கறியும் சோறும் குழைத்து ஊட்டினேன். ஆடி அமாவாசை விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய்க்கு இங்கே எங்கே போவது. உனக்கு ஒன்றும் எழுதக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். நானும் சரி என்றேன், ஆனால் கடல் வரியை மட்டும் மாற்றச் சொல்லி எழுதுவோம் என்றேன். மனுஷன் மசியவில்லை. இருக்கத் தெரியாமல் இருந்தது நான், கடல் என்ன செய்யும், ஒரு அலைக்காகக் கட்டுரையை மாத்தேலாது என்றார். கலைக்களஞ்சியம் புத்தி சொல்கிற புத்தகம் இல்லை என்று விக்னராஜா மாஸ்டர் முன்பு எழுதியிருந்ததையும் எடுத்துக் காட்டினார். உண்மையில் அவருக்கு வெட்கம் யோகா. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், பிறகு பெயர் வருமோ வராதோ என்று பயம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குசினியில் சட்டி பானையில் காட்டினேன், அதற்குமேல் என்ன செய்வது.

அப்படியிருக்க முந்தாநாள் உன் கடிதம் வந்தது. அவரால் உறையைப் பிரிக்க முடியாது, நான்தான் உரத்து வாசித்தேன். மார்கழி விடுமுறைக்கு வாறம், டிக்கற்றுக்குச் சொல்லியாச்சு, அப்பா எழுதின அமைதியான கடலிலே சின்னவளை இறக்கி விடப்போறன், அவள் இப்பவே அந்த வரியைப் பாடமாக்கிப் பள்ளிக்கூடத்தில் சொல்லுறாள் என்று எழுதியிருந்தாய். நான் அதோடு நிறுத்தினேன். அப்பா எழும்பிப் பின்வளவுக்குப் போய் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்றார், குளிருக்குள் சால்வைகூட இல்லாமல் நின்றார், நான் கூப்பிடவில்லை. உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. எடு பேனையை என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை இதோ உள்ளபடி தருகிறேன். பூங்காவை ஒட்டிய கடல் அழகியது, ஆனால் அபாயமானது. ஒதுங்கிய சில குடாக்களிலன்றி வேறெங்கும் நீராடலாகாது. பாறைத் தட்டுகளில் நிற்போரும் இருப்போரும் எக்காரணம் கொண்டும் கடலுக்கு முதுகு காட்டலாகாது. இவ்வளவும்தான். இது புத்தி சொல்வது என்று மாஸ்டர் வெட்டப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டேன். வெட்டினால் முழுக் கட்டுரையையும் வெட்டச் சொல்லு, என்ரை பேரும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம், பழைய எட்டு வரியே போகட்டும், அதை நம்பி ஒருத்தரும் கடலிலை இறங்கமாட்டினம் என்றார்.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அச்சகத்துக்குப் போ பிள்ளை, நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடாதே, எழுத்துக் கோர்த்தாகிவிட்டது என்று சொன்னாலும் விடாதே. ஆடி அமாவாசைக்கு இங்கே கடலைத் தேடிப் போகப் போகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை, படிக்கவென்று எத்தனை பொடியன்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களும் தெற்குப் பார்த்துத்தான் இருப்பார்கள். சின்னவளுக்குப் பாடமாக்கியதை மறக்கச் சொல்லிப் புது வரியைச் சொல்லிக் கொடு. மார்கழியில் கட்டாயம் வாருங்கள், இங்கே அது வெயில் காலம், தடித்த உடுப்பு வேண்டாம். வரும்போது காய்ந்த வேப்பம்பூவும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் கொண்டு வா, விமான நிலையத்தில் பறிப்பார்கள் என்றால் வேப்பம்பூவை விட்டுவிடு. மருமகனைத் தேருக்கு வடம் பிடிக்கும்போது முன்னுக்கு நிற்க வேண்டாம் என்று சொல்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாய் இருக்க வேண்டும், உன் கையால் வருகிற புத்தகங்கள் எல்லாம் உண்மையாய் இருக்க வேண்டும். அப்பாவின் பெயர் அதில் வந்தால் நல்லது, வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆள் இதோ முன்னால் இருந்து எழுதி முடிஞ்சுதோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு அது போதும்.

என்றும் உன் நலம் வேண்டும் அம்மா,
விமலாதேவி அரியரத்தினம்