அம்மா பேரில் ஒரு பாஸ்வேர்டு

2002 ஜூலை 6, சனி

இன்று காக்ஸ் டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கியது. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கென்றே நடத்துகிறார்கள். இருவருக்கு ஒரு மெஷின். எனக்கு ஜோடி ஐரின். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார் மௌரீன் மிஸ். யோசிக்கவே இல்லை, ‘சரசு’ என்று அடித்தேன். திரையில் வெறும் நட்சத்திரங்கள்.

அம்மா இறந்து ஒன்றரை வருஷம். சித்தி வந்த அன்று அப்பா போட்டோவைக் கழற்றினார். அன்றிலிருந்து தொம்மலூர் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. வகுப்பில் வாரம் ஒரு தடவையாவது கூப்பிடலாமே?

ஜூலை 9

சித்தி நல்லவள்தான். அதுதான் கஷ்டம் — திட்டவும் முடியவில்லை.

ஜூலை 13, சனி

பாஸ்வேர்டுகளை உடைக்கிற புரோகிராமை மிஸ் ஓடவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. வேளாங்கண்ணி, அந்தோணியார், மாரியம்மா... “திருடன் முதல்ல உங்க சாமி பேரத்தான் போட்டுப் பாப்பான்!” என்று சிரித்தார். அடுத்து சரசு.

“யாருடி அது சரசு? உன் பாட்டியா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீ.

“வீட்டு ஆளுங்க பேரு வேணாம் ஷோபா. மாத்தலைன்னா அக்கவுன்ட் பூட்டிடும்” என்றார் மிஸ்.

ஜூலை 20, சனி

மாற்றவில்லை. பூட்டிக்கொண்டது. “உனக்கு என்னடி இவ்ளோ பிடிவாதம்?” என்றாள் ஐரின். சொன்னேன். அவளே போய் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாள். மிஸ் திட்டவில்லை.

“பேருதான் வேணாம்னேன். அவங்க பேசினது ஏதாவது இருக்கில்ல? முழுசா அதையே வை.”

எங்கள் வீட்டில் ரசத்துக்குச் சாரு என்றுதான் பேர். நானும் அப்பாவும் சாப்பாட்டு நேரத்தில் முட்டிக்கொண்டால் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: “சாரு சூடா இருக்கு, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்.” அதை இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்தேன். வகுப்பு முடியும்வரை புரோகிராம் ஓடியது. உடைக்க முடியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. இனி அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என்னோடு போய்விடுமா?

ஜூலை 21

போட்டோவை மாட்டச் சொன்னேன். “நான் வேணாம்னேனா? உங்கப்பாவக் கேளும்மா” என்றாள் சித்தி. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கத்திவிட்டேன்: “உனக்கு அம்மா ஞாபகமே இல்லப்பா!”

அப்பா கரண்டியை எடுத்து என் தட்டில் ஊற்றினார். “சாரு சூடா இருக்கு” என்றார். பிறகு, மெதுவாக, “சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்.”

சித்திக்கு அந்தப் பேச்சு புதுசு. சிரித்தாள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாரு ஆறிப்போனது.