முதல் மிடறு

ஓஸ்லோவில் இருக்கும் அண்ணன் மகளுக்கு,

நம்மூர் ஃபியோர்டின் கடல்நீரை ஒரே மூச்சில் குடித்து வற்றவைத்த மாவீரன், உன் சித்தப்பன் எழுதுவது.

உன் அப்பாவைப் புதைத்த மறுநாளும் அவர் காய்ச்சிவைத்த பியர் தொட்டியில் குமிழியிட்டது. ஈஸ்ட் போடும்போது பேய் விரட்ட அவர் போட்ட கூச்சல்தான் உள்ளே முனகுகிறதோ என்றிருந்தது. நேற்று அது அடங்கியது.

எப்போதும் அவர் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றுவார், நான் குடிப்பேன். நேற்று முதன்முறையாகக் குழாயைப் பிடித்தேன். "நுனி பீப்பாய் அடியைத் தொடணும்டா, சலசலக்க விடாதே, தொட்டி வண்டலைக் கிளறாதே" என்று காதருகே உன் அப்பாவின் அதட்டல். மாவீரன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாற்றும் நாளின் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் ருசி பார்க்க வந்தார்கள். காய்ச்சியவர் குடிக்காமல் யாரும் குடிப்பதில்லையே. நான் குவளையைத் தூக்கினேன்.

"கீழ வைப்பா," என்றாள் பக்கத்துப் பண்ணை யோருன். "தம்பி குடிச்சா செல்லாது. பொண்ணு வரட்டும்."

"ஒம்பது வருஷமா வராதவளா?"

"அதான் சொல்றேன். இதுக்காவது வரட்டும்."

ஒருவரும் நனைக்காத குவளைகளை மேசையிலேயே விட்டுப் போனார்கள். உன் அப்பாவின் குவளையையும் யாரோ எடுத்து நடுவில் வைத்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை. கேட்டால் யோருனும் இல்லை என்கிறாள்.

வந்து அதில் குடி, மகளே.

இப்படிக்கு,
தாகத்தோடு, உன் சித்தப்பன்