வெட்டிய ஆறு வினாடி

பிப். 9, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். ஊறப்போட்ட துணி இன்னும் பக்கெட்டில்.

ஃபுட்பால் அரையிறுதி. ஏரிக்கரைத் திடல். நம்ம பிள்ளைப்பாக்கம் டீம் 0, கம்பெனி டீம் 1. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்களுக்குப் பெனால்டி, அதுதான் அந்தக் கோல். தம்பி பாபு கையில் பந்து பட்டதாம். படவே இல்லை என்று பாபு தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ரெஃப்ரி கேட்கவில்லை.

ரெஃப்ரி சாலமன் அண்ணன். வாரம் ஆறு நாள் எங்கள் ஃபேக்டரி பஸ் டிரைவர். குன்றத்தூரில் கிளம்பி எங்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் போகிறவர். ஞாயிறு வந்தால் கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில்.

ஜனம் கொதித்துவிட்டது. காதில் விழுந்தவை:

"வித்துட்டான்யா மேட்ச்ச."

"கம்பெனி வண்டி ஓட்றவன் கம்பெனிக்குத்தான் ஊதுவான். பின்ன, நமக்கா ஊதுவான்?"

"போன வருசம் ஆஃப்சைடு, இந்த வருசம் ஹேண்டு. நம்ம ஊருன்னா எளக்காரமா பூட்ச்சி அவனுங்களுக்கு."

அவர் ஓட்டுவது எங்கள் கம்பெனி வண்டி, இன்று ஆடியது வேறு கம்பெனி. யாரும் அதைச் சொல்லவில்லை. நானும்தான்.

கோலுக்குப் பின்னால் நின்று போனில் எடுத்திருந்தேன். பதினாலு வினாடி. பாபு சோறு வேண்டாமென்று குப்புறப் படுத்துவிட்டான். வீடியோவைக் கொஞ்சம் சின்னதாக்கி டீம் குரூப்பில் போட்டேன். "இது ஹேண்டா? நீங்களே சொல்லுங்க." எழுதியது அவ்வளவுதான். கேள்விதானே கேட்டேன்.

துணி நாளைக்கு.

பிப். 10, திங்கள்

பனி அதிகம். பஸ் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. சரியாக 5.20. அந்த மனுஷனுக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது.

பகலில் போன் லாக்கரில். ஷிஃப்ட் முடிந்து எடுத்தால் 212 மெசேஜ். தண்டலம் பக்கத்துப் பையன் ஒருத்தன் நடத்துகிற விளையாட்டுச் சேனலில் என் வீடியோ! சிவப்பு வட்டம் போட்டு, திக் திக் என்று மியூசிக் போட்டு, "விசில் விலை போனதா?" என்று தலைப்பு.

இந்தச் சேனல் மேல் எங்கள் ஊருக்குத் தீராத ஆத்திரம் உண்டு. கம்பெனி டீம் ஆட்களை இனிஷியலோடு சொல்வான். எங்கள் ஆட்கள் "ஏழாம் நம்பர்", "அந்தத் தம்பி". எங்கள் கோலைக் காட்டுகிற நேரத்தில் விளம்பரம் போடுவான். இன்று முதல் முறையாக பாபுவின் முழுப் பெயர் சொல்லியிருக்கிறான். ஊரே கொண்டாடுகிறது. டீக்கடையில் எனக்குக் கை கொடுத்தார்கள். "கலா, நீதாம்மா எங்க மீடியா."

இங்கே எழுதிவிடுகிறேன். வேறெங்கும் எழுத முடியாது.

முதல் ஆறு வினாடியில் பாபுவின் வலது கை மேலே போகிறது. பந்து மணிக்கட்டில் படுகிறது. நன்றாகத் தெரிகிறது. அப்புறம் பந்து நெஞ்சில் விழுகிறது, விசில். திடலில் இருந்தவர்களுக்கு நடுவே ஆட்கள் மறைத்துக்கொண்டார்கள். கோலுக்குப் பின்னால் நின்ற எனக்கு மறைக்கவில்லை. அந்த ஆறு வினாடியை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். மிச்ச எட்டில் பார்த்தால் பந்து நெஞ்சில்தான் படுகிறது.

பிப். 11, செவ்வாய்

வேலை: விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன். லென்ஸ் விளக்குக்குக் கீழே பார்ட் பார்ப்பது. நல்லது பச்சை ட்ரே, கெட்டது சிவப்பு, சந்தேகம் என்றால் மஞ்சள். பழுதுக்கு போட்டோ எடுத்தால் பார்ட் முழுசாகத் தெரியணும். ஓரத்தை வெட்டி அனுப்பினால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். "முழுசா காட்டு கலா, பாதிய காட்டி யாரை ஏமாத்துற?" ஐந்து வருடமாகக் கேட்கிற பேச்சு. இன்று உடம்பெல்லாம் கூசியது.

பஸ்ஸில்: அவர் பிரேக் போட்டபோதெல்லாம் கடைசி சீட்டில் எவளோ வாயாலேயே விசில் ஊதினாள். "ஃபவுல்! ஃபவுல்!" நாற்பது பெண்களும் சிரிப்பு. நானும் சிரித்தேன். சத்தம் வராமல், ஆனால் சிரித்தேன். என் பக்கத்து சீட் ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் குன்றத்தூர், சாலமன் அண்ணன் தெருவேதான்.

ஃபேக்டரி கேட்டில் இறங்கும்போது அவர் தினம் சொல்வதையே சொன்னார். "பாத்து எறங்குங்கம்மா."

பிப். 12, புதன்

வெ. வாங்க மறந்தேன். (வெங்காயம். நாளை.)

டோர்னமென்ட் கமிட்டி முடிவு: ஞாயிறு ஃபைனலுக்கு சாலமன் அண்ணன் ரெஃப்ரி இல்லை. "சர்ச்சை காரணமாக." குரூப்பில் பட்டாசுப் படமாக வந்து விழுந்தது.

ரேவதி பஸ்ஸில் குசுகுசுவென்று:

"பத்தொம்போது வருசமா ஊதிகினு கீறாரு கலா. பரீட்ச எழுதி பாஸான சர்ட்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருந்தாரு. நேத்து கழட்டிட்டாராம், அவரு சம்சாரம் சொல்லி அழுவுது."

"ஏன், யாராச்சும் வூட்டாண்ட வந்து கத்துனாங்களா?"

"கத்திருந்தா கூட பரவால்ல. பெங்களூர்ல இருக்கிற மகளுக்கு அந்த வீடியோ ஃபார்வர்டாயி போச்சு. அவளே போன் போட்டு, அப்பா இது நெஜமாப்பான்னு கேட்டாளாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எவன் எடுத்தான்னு தெரியல. அவன் கை வெளங்குமா?" என்றாள்.

என் கை மடியில் இருந்தது. டிபன் பையைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

பிப். 13, வியாழன்

சாம்பார் தீய்ந்தது. வெங்காயம் வாங்கியாச்சு.

பாபுவை உட்காரவைத்து முழு வீடியோவையும் காட்டினேன். முதல் தடவை பார்த்தான். இரண்டாம் தடவை பாதியில் போனைத் திருப்பி வைத்தான்.

"கை பட்டுச்சாடா?"

"பட்டுச்சு."

"அப்ப ஏன்டா தலையில அடிச்சு சத்தியம் பண்ண?"

"எல்லாரும்தாங்க்கா பண்றானுங்க. அந்த நேரத்துல வாய்ல அதான் வரும்." போனை என் பக்கம் தள்ளினான். "இன்னா இப்ப? எத்தினி வாட்டி நமக்கு குடுக்க வேண்டியத குடுக்காம உட்டானுங்க? ஒரு வாட்டி நாம திருப்பிக் குடுத்தா ஆவாதா?"

"குடுத்தது அவனுங்களுக்கு இல்லடா. சாலமன் அண்ணனுக்கு."

"டெலீட் பண்ணிடுக்கா. நான்தான் கைய தூக்கினேன்னு தெரிஞ்சா இந்த ஊர்ல தலகாட்ட முடியுமா நானு?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன வருட ஆஃப்சைடு நிஜமாகவே அநியாயம். அதற்கு முந்தின வருடம் எங்கள் கோல்கீப்பரை இடித்துத் தள்ளி கோல் போட்டதும் அநியாயம். எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். எதிலும் சாலமன் அண்ணன் ரெஃப்ரி இல்லை.

டெலீட் பண்ணவில்லை. போடவும் இல்லை.

பிப். 14, வெள்ளி

ஷிஃப்ட்டில் ஒரு கெட்ட பார்ட்டைப் பச்சை ட்ரேயில் போட்டிருக்கிறேன். அடுத்த டேபிளில் பிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் வொய்-வொய் ஷீட் கொடுத்தார். ஏன் நடந்தது, அந்தப் பதிலுக்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தடவை எழுதணும். "கவனக்குறைவு" என்று எழுதக்கூடாது, அது பதில் இல்லை என்பார்.

அங்கே ஏதோ எழுதிக் கொடுத்தேன். இங்கே நிஜ ஷீட்:

1. வீடியோவை ஏன் வெட்டினாய்? பாபு அழுதான்.
2. பாபு அழுதால் சாலமன் அண்ணன் தலையில் ஏன்? ஊரே அவரைத் திட்டியது, நானும் சேர்ந்துகொண்டேன்.
3. கை பட்டதைப் பார்த்த ஒரே ஆள் நீ. ஏன் சேர்ந்தாய்? அவர் மேல் கோபம்.
4. ஏன் கோபம்? பொங்கல் முடிந்து ஒரு நாள் ஒரு நிமிடம் லேட். பஸ் கிளம்பிவிட்டது. பின்னாடியே ஓடினேன், டிபன் டப்பா விழுந்து உருண்டது, பின் கண்ணாடி வழியாகப் பெண்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சைடு கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தவில்லை. மறுநாள், "ஒருத்தருக்காக நின்னா நாப்பது பேர் லேட்டும்மா" என்றார். அன்றிலிருந்து அவரிடம் பேச்சு இல்லை.
5. அதற்கு இதுவா?

ஊர்ப்பாசம் எல்லாம் ஒன்றுமில்லை. பாபுகூட இல்லை. ஓடும்போது சிரித்தார்கள், அது. அடச்சீ. இவ்வளவு சின்ன மனசா எனக்கு?

பிப். 15, சனி

இன்று எனக்கு ஷிஃப்ட் இல்லை. வாரம் பூரா போட்ட அதே ஸ்வெட்டர், துவைக்கணும்.

காலை டீக்கு முன்னாலேயே முழு வீடியோவை டீம் குரூப்பில் போட்டேன். பதினாலு வினாடியும். "ஞாயித்துக்கிழமை நான் போட்டது வெட்டினது. இதுதான் முழுசு. கை பட்டது. ரெஃப்ரி கொடுத்தது சரி. தப்பு என்னுது." நாலு தடவை அடித்து, அழித்து, அடித்தேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திருப்பிப் பார்த்தபோது வந்திருந்தவை:

"இது எடிட்."
"ஏஐ-ல பண்ணது. வெரல பாருங்க, ஆறு வெரல் மாறி கீது."
"கலாக்கா போன் ஹேக் ஆயிடுச்சு, யாரும் லிங்க் தொடாதீங்க."
"கம்பெனிக்காரன் கலாவையும் வாங்கிட்டான் போல."

எட்டு வினாடியை நம்பினவர்கள் பதினாலை நம்பவில்லை. திங்கட்கிழமை டீக்கடையில் கை கொடுத்தவர்தான் கடைசி மெசேஜ்.

சேனல் பையனுக்கும் அனுப்பினேன். போனிலேயே பேசினான், மரியாதையாக. "அக்கா, அது பழைய மேட்டர்க்கா. ஃபைனல் ப்ரிவியூ போட்டாச்சு. இத இப்ப போட்டா யாருக்கா பாப்பாங்க?"

"அவரு பேரு கெட்டுகினு கீதேப்பா."

"நான் வெல போச்சுன்னு சொல்லலையேக்கா. போனதான்னு கேள்விதான கேட்டேன்."

போனை வைத்துவிட்டேன். என் வாக்கியம் அது.

பாபு குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டான். வீட்டிலும் பேச்சில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டான்.

பிப். 16, ஞாயிறு

ஃபைனல். போகவில்லை. துணி துவைத்தேன். ஒரு வாரத் துணி.

திடல் சத்தம் வீடு வரை கேட்டது. புது ரெஃப்ரி, வெளியூர்க்காரராம். பாதி ஆட்டத்துக்குள்ளேயே, "இவனும் வித்துட்டான்!" நம் டீம் ஆடவே இல்லை. யாருக்காகக் கத்துகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

நாளைக்கு அவரிடம் நேரில் சொல்லணும். அலாரம் 4.30.

பிப். 17, திங்கள்

பனி இல்லை. 5.10-க்கே ஸ்டாப்பில் நின்றேன், நான் மட்டும். 5.16-க்கு வண்டி வந்தது. நேரம் இருந்தால் இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பார். இறங்கினார்.

"அண்ணா, அந்த வீடியோ..."

"தெரியும்மா." டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கோலுக்குப் பின்னாடி நீ ஒருத்திதான போன் புடிச்சினு நின்ன. எடுத்த எடத்த பாத்தாலே தெரியாதா?"

"யார்கிட்டயும் சொல்லலியேண்ணா?"

"சொல்லி? மீதிய நீயே போடுவன்னு இருந்தேன்."

"சனிக்கிழம போட்டேண்ணா. யாரும் நம்ப மாட்றாங்க."

"உம்... ஃபார்வர்டாயி வந்துச்சுன்னு ரேவதி காட்டுச்சு." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு உன்ன உட்டுட்டு போனேனே, அதுக்காம்மா?"

டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

"டப்பா உருண்டத பாத்தேன். நின்னிருக்கலாம்னு அன்னிக்கு பூரா நெனச்சினு இருந்தேன்." வாட்ச்சைப் பார்த்தார். "சரி, ஏறு. மணி ஆச்சு."

5.20. கிளம்பியது. இருக்கைகள் நிறைந்திருந்தன. ரேவதி என் பக்கம் பார்க்கவில்லை. குன்றத்தூரிலிருந்தே ஏறிவந்த அந்தக் கடைசி சீட்டுக்காரி, முதல் பிரேக்கிலேயே வாயால் விசில் ஊதினாள். சிரிப்பு.

எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வீடியோவ வெட்டினது நான்தான்."

எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை போல. "இன்னாக்கா?" என்றது யாரோ. மறுபடி சொன்னேன், சத்தமாக. என் தம்பி கையில் பந்து பட்டது, நான் பார்த்தேன், வெட்டிவிட்டுப் போட்டேன். ஏன் வெட்டினேன் என்பதையும் சொல்ல ஆரம்பித்தேன், பஸ் பின்னால் ஓடின கதையிலிருந்து.

பின்னாலிருந்து ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்து எடுக்க ஆரம்பித்தாள்.

"எடு," என்றேன். "கடைசி வரைக்கும் எடு."