வெள்ளிக்கிழமைத் தால்சா

அவனியாபுரம் பட்டறையில் இன்று கேரியரைத் திறந்ததும் தால்சா வாசம் வந்தது. பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், நடுவில் கொஞ்சம் மாட்டுக்கறி. உன் மனைவி அனுப்பியது. நீ போன பிறகும் வெள்ளிக்கிழமைச் சோறு நிற்கவில்லை. தட்டில் ஊற்றியதும் என் இடது கை தானாகப் போய்த் தட்டை மறைத்துக்கொண்டது. யாரிடமிருந்து மறைக்கிறேன்?

நம் பிழைப்பே மாட்டை நம்பித்தான். சாண எரிவாயுக் கலனை நான் வரைந்து கொடுப்பேன், நீ வெல்டிங் செய்வாய், மேற்கே தோட்டங்களில் கொண்டுபோய் இறக்குவோம். சாப்பிட உட்கார்ந்தால் நான் ஆரம்பித்துவிடுவேன். மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது, அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும், ஒரு கிலோ கறிக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தீவனம்...

"அந்த மீத்தேன்லதானடா ரெண்டு பேரும் சோறு திங்கிறோம்" என்பாய்.

"சாணத்துல வர்றதப் பிடிச்சு எரிச்சிரலாம். ஏப்பத்த எப்படிப் பிடிப்ப?"

"அளவச் சொல்லு மாப்ள. மாட்டு வாய்க்கும் ஒரு மூடி வெல்டு வச்சுத் தாரேன்."

எனக்குச் சிரிப்பு வராது. உன் பக்கத்து நியாயத்தை மட்டும் நான் மறுத்ததில்லை. நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஆட்டுக்கறி கட்டுப்படியாகாது. உழுது ஓய்ந்த மாடும், கறிக்கென்றே காட்டை அழித்து வளர்த்த மாடும் ஒன்றல்ல. ஆனால் நீ தினமும் தின்றாய், கொழுப்போடு, எண்ணெய் மிதக்க.

பிறகு உனக்கு நெஞ்சு வலி, ரத்தக்குழாயில் ஸ்டென்ட். கெட்ட கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, மாடோ ஆடோ கறியை நன்றாகக் குறை, சிகரெட்டை விடு என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தாய். "உலகம் கெடக்கட்டும். நான் இருப்பேனா மாப்ள?"

"கொறச்சா வாய்ப்பு கூடும். அம்புட்டுதான் சொல்ல முடியும்."

நீ குறைத்தாய், உன் வழியில். வாங்கும் அளவு அப்படியே இருந்தது. உன் துண்டுகளை எடுத்து என் தட்டில் போட்டாய். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் தட்டில் கறி குறைந்தால் உனக்குப் பொறுக்காது. "எனக்குத்தான தடை, நீ தின்னு."

"மொத்தத்துல ஒரு துண்டும் கொறையலடா! மாடும் பொழைக்கல, நானும் பொழைக்க மாட்டேன் போல."

கையால் தட்டை மறைப்பேன். விரல் சந்தில் நுழைத்துவிடுவாய்.

பட்டறையே திரும்பிப் பார்க்கக் கத்திய பிறகுதான் இறங்கி வந்தாய். "சரி, வாங்குறதயே பாதியாக்குறேன். அதுவும் வெள்ளிக்கெழம மட்டும். மிச்சத்துக்குப் பருப்பும் காயும். போதுமா?" முதல் தால்சாவை நீயே கிண்டினாய். வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை என்பதில் உனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஆனாலும் உன் நெஞ்சு நின்றுவிட்டது. கறிதான் கொன்றது என்று பட்டறை வாசலிலேயே ஒருவர் சொன்னார். வாயை மூடச் சொன்னேன். சிகரெட் இருந்தது, வெல்டிங் புகை இருந்தது, உன்னைப் பெற்ற அத்தாவும் நெஞ்சு வலியில்தான் போனார். கறிக்கு இதில் பங்கே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் குறைத்தது வீண் என்கிறவனோடும் எனக்குப் பேச்சில்லை.

இன்று உன் மனைவிக்குப் போன் செய்து, இனி அனுப்ப வேண்டாம், சிரமம் என்றேன்.

"என்ன சிரமம்ணே? அவுக வச்ச அளவுலதான் இன்னமும் ஆக்குறேன். பிள்ளைகளும் இதத்தான் கேக்குதுக. சாப்ட்டுட்டுக் கேரியரக் குடுத்து விடுங்க."

எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இந்தக் கை தட்டை மறைக்கிறது. ஏன் என்று கேட்கிறார்கள். பழக்கம் என்கிறேன்.

இன்று கையை எடுத்துவிட்டு, சோறு ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.