தைல வாசத்துக்கு வரும் தேனீ

செவ்வாய் இரவு, ஐப்பசி மாதம்.

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், வேலை முடித்து வந்த மகள் ரீத்தா, பேத்தி ஜெனி.

ஜெனி நாளை பனாமாவுக்குப் போகிறாள். அங்கே காட்டில் மரகதப் பச்சையாக மின்னும் ஆர்க்கிட் தேனீக்களைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். போன பிள்ளை திரும்பாத வீடு இது. அந்தப் பயத்தில் ஒரு கிழமையாக அவளோடு நான் கதைக்கவில்லை.

முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். ஜெனி வந்து என் கையை முகர்ந்தாள்.

"அம்மம்மா, உங்களை அங்கை கொண்டுபோனா ஆண் தேனீயெல்லாம் உங்களைத்தான் சுத்தும்."

"இந்த வயசிலை எனக்கு மாப்பிள்ளை பாக்கிறியோ, கழுதை?"

விழுந்து விழுந்து சிரித்தாள். ஆண் தேனீ ஆர்க்கிட் பூவுக்குப் போவது தேனுக்கு இல்லையாம், வாசத்துக்காம். பின்னங்காலில் அதைச் சேர்த்துவைத்து, பெண் தேனீ வரட்டும் என்று காற்றில் வீசுமாம். யூக்கலிப்டஸ், கராம்பு வாசம் என்றால் உயிராம். என் தைலத்திலும் அவைதானே.

"பிறகு அது தாயிட்டைத் திரும்பி வருமோ?" என்றேன்.

"ஆண் வராது. கூட்டை விட்டு வெளிக்கிட்டா அவ்வளவுதான். பெண் பிசின் எடுக்க எவ்வளவு தூரம் போனாலும் தன்ரை கூட்டுக்குத் திரும்பி வரும், அம்மம்மா."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ரீத்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தைலப் போத்தலை ஜெனியின் பைக்குள் வைத்து, அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன்.

தேனீக்குத் தாய்முகம் நினைவிராது, அதை மன்னிக்கலாம். கனடாவுக்குப் போய், இங்கே தகப்பனை அடக்கம் செய்த அன்றும் வராத என் மகன் அருள்தாசை மன்னிக்க மாட்டேன்.